பிள்ளைகளோடு தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறையில் குடும்பமாக வெளிநாடொன்றுக்குச் சென்று, அங்குள்ள வறிய மக்களுக்கு ஏதேனும் தொண்டு செய்துவிட்டுத் திரும்புவது மேற்கு நாடுகளில் ஒரு வழக்கமாகவே வளர்ந்துவிட்டது. தந்தை பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசுவார்; தாய் ஆங்கிலம் கற்பிப்பார்; பத்து வயது மகனும் எட்டு வயது மகளும் அவ்வூர்ச் சிறுவர்களோடு விளையாடுவார்கள். இரண்டு வாரம் முடிந்ததும் கட்டியணைத்து, கண்கலங்கி, படம் பிடித்துக்கொண்டு புறப்படுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு இதற்கான ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் பயண நிறுவனங்களும் தோன்றிவிட்டன. நேபாளம், கம்போடியா, கென்யா முதலிய நாடுகளோடு இலங்கையும் அவற்றின் பட்டியலில் இருக்கின்றது.

இந்த வழக்கம் வெள்ளைக்காரர்களோடு நின்றுவிடவில்லை. லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேணிலும் தோஹாவிலும் வாழும் எமது ஊர்க்காரர்களையும் அது தொற்றிக்கொண்டுள்ளது. "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகின்றோம். அவர்களும் ஊருக்கு ஏதாவது சேவை செய்ய வேண்டும் என்று விரும்புகின்றோம். எங்கே அழைத்துச் செல்லலாம்? அநாதை இல்லம் ஏதும் இருக்கின்றதா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். கேள்வி நல்ல மனத்திலிருந்து வருகின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் கடைசி வாக்கியம் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகின்றது. ஆளாளுக்கு இரண்டு வரியில் பதில் எழுதுவதை விட, விடயத்தை விரிவாகவே எழுதிவிடலாம் என்று எண்ணுகின்றேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். பிள்ளைகளோடு வாருங்கள், தாராளமாக வாருங்கள். ஆனால் எமது பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகமாக்கி விடாதீர்கள்.

இதைச் சொல்லும் அருகதை எமது கரைக்கு உண்டு. வெளியிலிருந்து வந்த உதவியின் நன்மையையும் தீமையையும் ஒன்றாக அனுபவித்த கரை இது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று காலை எழுந்த கடல் இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் காவுகொண்டது. மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை. 10,000 பேருக்கு மேல். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று வடக்கிலிருந்து தெற்காக ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் இவை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். நடுவே ஒடுங்கிய நிலத்துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். ஓடுவதற்குக்கூட இடம் போதாத நிலம்.

அன்று முதலில் வந்த தொண்டர்கள் யார்? விமானத்தில் வந்தவர்கள் அல்லர். கடலிலிருந்து தள்ளியிருந்த தெருக்களின் மக்களே முதலில் ஓடி வந்தார்கள். பள்ளிவாசல்களில் அடுப்பு மூட்டப்பட்டது. முஸ்லிம் வீடுகளில் தமிழர்களும் தமிழர் வீடுகளில் முஸ்லிம்களும் ஒதுங்கினார்கள். அம்பாறை நகரிலிருந்தும் அதைச் சூழ்ந்த குடியேற்றங்களிலிருந்தும் சிங்கள மக்கள் உணவுப் பொதிகளோடு வந்தார்கள். அவர்களுள் குடும்பமாக வந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் சோற்றுப் பொதிகளைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை, கட்டணமும் அறவிடவில்லை. பக்கத்து வீட்டில் மரணம் விழுந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோமே, அது போன்றதுதான் அது.

பின்னர் உலகம் வந்தது. வந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருத்துவர்கள் வந்தார்கள், பொறியியலாளர்கள் வந்தார்கள், குடிநீர் வந்தது, கூடாரம் வந்தது. தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரின் பெயரைத் தாங்கிய வீடமைப்புக் கிராமம் ஒன்று இன்றும் சாய்ந்தமருதில் இருக்கின்றது என்றால், எங்கெங்கிருந்தெல்லாம் கை நீண்டது என்பது விளங்கும். வேண்டாதவையும் வந்தன. இந்த வெயிலில் எவரும் அணிய முடியாத கம்பளி உடைகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. இலங்கைக் கரையின் பல இடங்களில் மீனவருக்கு வேண்டியதைவிட அதிகமாகச் சிறு படகுகள் பகிரப்பட்டன. கொடுப்பவருக்குக் கொடுக்க எளிதானதும், படத்தில் அழகாகத் தெரிவதும், வாங்குபவருக்கு வேண்டியதும் ஒன்றாயிருப்பதில்லை என்ற உண்மையை நாங்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

நிருபர் என்ற முறையில் அந்நாட்களில் முகாம் முகாமாக நான் அலைந்திருக்கின்றேன். இரண்டு காட்சிகள் மனத்தில் நிற்கின்றன. ஒரு முகாமில் வெளியிலிருந்து வந்த குழுவினர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புத்தகப் பைகள் வழங்கினார்கள். படம் சரியாக விழவில்லையென்று கொடுத்த பைகளைத் திரும்ப வாங்கி, மறுபடியும் வழங்கினார்கள். வரிசையின் ஓரத்தில் நின்ற வயதான தாயொருவர் என்னிடம், "தம்பி, நாங்க குடுத்துப் பழகின சனம். இப்பிடி வாங்கிப் பழக்கமில்ல" என்றார். அவர் அழவில்லை; கோபப்படவும் இல்லை. சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மற்றொரு முகாமில் ஐரோப்பிய மருத்துவத் தம்பதியர் தம் மகனோடு தங்கியிருந்தார்கள். பையனுக்குப் பதினொரு வயதிருக்கும். தாயும் தந்தையும் காலையிலிருந்து மாலைவரை நோயாளரைப் பார்ப்பார்கள். பையனுக்கு எந்தத் தொண்டும் ஒப்படைக்கப்படவில்லை. இரண்டு நாள் வெறுமனே திரிந்தான். மூன்றாம் நாள் முகாமின் பிள்ளைகள் மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடும்போது அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன்தான் முதலில் அகப்பட்டான். அகப்பட்ட ஒவ்வொரு முறையும் முகாமே சிரித்தது. பல நாட்களுக்குப் பின் அங்கே கேட்ட சிரிப்பு அது. அந்தக் குடும்பத்தில் மிக அதிகமான தொண்டு செய்தவன் அந்தப் பையன்தானோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. அவன் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. தோற்றான், அவ்வளவுதான்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்குவது பற்றி உலகத்துக்குக் கல்முனை ஒரு பாடமே நடத்தியிருக்கின்றது. கடற்கோளின் பின் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட இரண்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு, சேர்க்கப்பட்ட வரிசைப்படி 81 என்ற இலக்கம் கிடைத்தது. ஒன்பது தாய்மார் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாகச் செய்தி பரவியதும் உலகத்தின் கமராக்கள் அனைத்தும் அந்தத் தொட்டிலை நோக்கித் திரும்பின. உண்மையில் நீதிமன்றத்தின் முன் முறைப்படி உரிமை கோரி நின்றவர்கள் ஒரு தம்பதியர் மட்டுமே. ஆயினும் அந்த ஏழைப் பெற்றோர் தம் சொந்தக் குழந்தையைக் கையில் வாங்குவதற்கு, 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த சில வாரங்களில் அக்குடும்பம் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக அமெரிக்காவுக்கே அழைத்துச் செல்லப்பட்டது. பின்னர் உலகம் வேறு செய்திக்குப் போய்விட்டது. குழந்தையோ அந்த இலக்கத்தைச் சுமந்துகொண்டுதான் வளர வேண்டியிருந்தது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்பதனால் இதை அழுத்திச் சொல்கின்றேன். ஒரு பிள்ளையின் துன்பத்தைப் படமாக்கும்போது, படம் எடுத்தவர் மறந்த பின்னும் அந்தப் பிள்ளை அதோடு வாழ்கின்றது.

இனி, "அநாதை இல்லம் ஏதும் இருக்கின்றதா?" என்ற கேள்விக்கு வருகின்றேன்.

கடற்கோளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, வெளிநாடுகளிலிருந்து தத்தெடுக்கப் பலர் முன்வந்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக்கொடுப்பதை அரசாங்கம் 2005 ஜனவரியிலேயே தடுத்து நிறுத்தியது. அது சரியான முடிவு. ஏனெனில் அப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வீடு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மூத்தம்மா எடுத்துக்கொண்டார், சாச்சி எடுத்துக்கொண்டார், மாமி எடுத்துக்கொண்டார். தன் மூன்று பிள்ளைகளோடு நாலாவதாகத் தங்கையின் பிள்ளையையும் சேர்த்துக்கொண்ட தாய்மாரை எங்கள் ஊர்களில் வீதிக்கு வீதி காணலாம். யதீமை வளர்ப்பது எமது மார்க்கத்தில் மிக உயர்ந்த நன்மை. நபிகள் நாயகமே யதீமாக வளர்ந்தவர்கள். கோயிலுக்குப் போகும் அயலூரிலும் இதே பண்புதான். அந்தத் தாய்மாருக்கு அப்போது வேண்டியிருந்தது ஓர் அறையும், மாதாந்தம் ஒரு சிறு தொகையும். ஆனால் அதைப் படம் பிடிக்க முடியாது. கட்டடம் என்றால் பெயர்ப்பலகை வைக்கலாம். உள்ளே நாற்பது பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தலாம்.

உலகம் இப்போது இதைப் புரிந்துகொண்டு வருகின்றது. கம்போடியாவில் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதை ஆய்வுகள் காட்டின. நேபாளத்தில் கிராமத்துப் பெற்றோருக்குப் படிப்பாசை காட்டி, பிள்ளைகளைக் கத்மண்டுவின் இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தரகர்கள் கிளம்பினார்கள். காரணம் எளிமையானது. பார்க்க வருகிறவர்கள் பணம் தருகின்றார்கள். பணம் வர வேண்டுமானால் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் வேண்டுமானால் குடும்பங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். சந்தையின் விதி இங்கேயும் வேலை செய்கின்றது. ஆஸ்திரேலியா 2018 இல் நிறைவேற்றிய நவீன அடிமைமுறைச் சட்டத்தின் போது இந்த வியாபாரம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் சிறுவர் உரிமை பற்றிய தன் தீர்மானத்தில் இல்லங்களை மையமாகக் கொண்ட தொண்டர் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

சட்டத்தையும் ஆய்வையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு தாயாக, ஒரு தந்தையாக யோசித்துப் பாருங்கள். லண்டனில் உங்கள் மகள் படிக்கும் பாடசாலைக்குள் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நுழைந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்து, படம் பிடித்து, முகநூலில் போட்டுவிட்டுப் போனால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? பொலிஸாரின் சான்றிதழ் இல்லாமல் அங்கே தொண்டாசிரியராகக்கூட ஒருவர் நுழைய முடியாதே! அங்கே குற்றம் என்று கருதப்படுவது இங்கே சேவையாக மாறுவது எப்படி? இல்லத்துப் பிள்ளையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு பிரிவைத் தாங்கிய பிள்ளை அது. இரண்டு வாரம் அன்பு காட்டிவிட்டு நீங்கள் போவீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு வேறொருவர் வருவார். ஆண்டில் எத்தனை முறை அந்தப் பிள்ளை பிரிவைக் கற்க வேண்டும்?

அப்படியானால் குடும்பமாகத் தொண்டு செய்யப் போவதே தவறா என்று கேட்கலாம். இல்லை. அதற்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கின்றேன். இங்கிலாந்தைச் சேர்ந்த கெவின் ஃபோர்க்கன், சன்ட்ரா ஃபோர்க்கன் தம்பதியர் 2001 இல் தம் இளைய பிள்ளைகள் நால்வரையும் பாடசாலையிலிருந்து நிறுத்தி, இந்தியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். கோவாவில் குடும்பமாகத் தொண்டுப் பணிகளில் ஈடுபட்டார்கள். நாடு நாடாக அலைவதே அப்பிள்ளைகளுக்குப் பாடசாலையாயிற்று. 2004 டிசம்பரில் இலங்கையின் தென்கரையில் வெலிகமவில் தங்கியிருந்தபோது அலை வந்தது. இளைய பிள்ளைகளைக் காப்பாற்றிய பெற்றோர் இருவரும் மாண்டார்கள். நான்கு பிள்ளைகளும் கையில் எதுவுமின்றி, வழியில் கிடைத்த வாகனங்களில் ஏறிக் கொழும்பு போய்ச் சேர்ந்து நாடு திரும்பினார்கள். அவர்களுள் மூத்தவரான ரொப் அப்போது பதினேழு வயதுப் பையன். ரொப்பும் தம்பி போலும் 2012 இல் 'கன்டீஸ்' என்ற பெயரில் ரப்பர் செருப்பு வியாபாரம் தொடங்கி, அதன் இலாபத்தில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு உதவப் புறப்பட்டார்கள். 2014 இல் அவர்கள் முதலில் அமைத்த சிறுவர் இல்லம் இலங்கையில்தான்.

பெற்றோரைப் பறித்த மண்ணிலேயே வந்து கட்டிக் கொடுத்த மனத்தை நான் வணங்குகின்றேன். அக்கதையிலிருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்த பெற்றோரின் தொண்டு வீண்போகவில்லை. கோவாவில் அவர்கள் செய்த பணியின் பயன் கோவாவுக்கு எவ்வளவு என்பதை விட, அப்பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதுதான் பெரிது. வறுமையை நேரில் கண்டு வளர்ந்த பிள்ளைகள், தம் வாழ்வு இடிந்தபோது இடிந்து போகவில்லை. இரண்டாவது விடயம் பலர் கவனிக்காதது. பெற்றோரை இழந்து திரும்பிய அந்த நால்வரையும் எந்த இல்லமும் வளர்க்கவில்லை. மூத்த சகோதரிதான் வளர்த்தார். கல்முனைக்குடியில் மூத்தம்மா செய்ததை அங்கே அக்கா செய்தார். உறவுதான் முதல் வீடு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே குடும்பத் தொண்டுப் பயணம் என்பது முதன்மையாக உங்கள் பிள்ளைகளுக்கான கல்வி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். கற்க வருகிறவர் மாணவர். மாணவருக்குரிய பணிவோடு வர வேண்டும். உபகாரியின் தோரணையோடு வந்தால் உங்கள் பிள்ளையும் எதையும் கற்காது. "நாம் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர்" என்ற ஒன்றைத் தவிர.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அங்கிருந்து குடும்பம் முழுவதுமாக விமானம் ஏறி இங்கே தொண்டு செய்ய வருகின்றது. இங்கிருந்தோ, குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு தாய் மட்டும் விமானம் ஏறுகின்றார். கடற்கோளுக்கு முன்பும் பின்பும் இக்கரையின் எத்தனையோ தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். அங்கே பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்க வைத்தார்கள்; இங்கே தம் பிள்ளையை மூத்தம்மா உறங்க வைத்தார். மூதூரின் ரிசானா நபீக் 2005 இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் போனார். பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தானே ஒரு பிள்ளையாக இருந்தவர், இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனார். அதே 2013 இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையையுடைய தாய்மார் பணிப்பெண்களாகப் போவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. பொருளாதாரம் சரிந்த 2022 இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பம் எமது கரையில் காணும் "தாயில்லாப் பிள்ளை"களில் சிலர் தாயை இழந்தவர்கள் அல்லர். தாயை ஏற்றுமதி செய்தவர்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு வாரத்து ஆங்கிலப் பாடமா? தாய் ஊரிலேயே உழைத்து வாழக்கூடிய ஒரு தொழிலா? மருதமுனையின் கைத்தறிக்கு ஒரு காலத்தில் நாடெங்கும் பெயர் இருந்தது. தறியில் நெய்த சாரத்தையும் சேலையையும் நியாயமான விலைக்கு வாங்கி, வெளியூரில் விற்க ஒரு வழி செய்யும் குடும்பம், பத்துச் சுவர்களுக்கு வர்ணம் பூசும் குடும்பத்தை விடப் பெரிய தொண்டு செய்கின்றது. அது ஒரு தாயை வீட்டில் வைத்திருக்கின்றது.

"உதவி செய்ய வருகிறவனுக்கு இத்தனை நிபந்தனையா? இப்படிப் பேசினால் வருகிறவனும் வரமாட்டான்" என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நுரைச்சோலையை நினைவுபடுத்துகின்றேன். கடற்கோளில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரசாங்கத்தின் நன்கொடையில் அக்கரைப்பற்றுக்கு அருகே 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, மருத்துவமனை, பள்ளிவாசல் அனைத்தும் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்பதில் இன அரசியல் புகுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுவரைக் காடு மூடியது. பணம் வந்தால் போதும், மற்றவை தாமாக நடக்கும் என்று நினைத்ததன் விளைவு அது. உதவியை எவ்வாறு வாங்குவது என்று பேசத் தெரியாத சமூகத்துக்கு உதவி வந்தும் வராததுதான்.

சரி, வருகிறவர்கள் என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் தோன்றியவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, சட்டத்தை மதியுங்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் எந்த வேலையிலும் ஈடுபடலாகாது. ஊதியமில்லா வேலையும் அதில் அடங்கும். தொழில்முறைத் தொண்டு செய்ய விரும்பும் வைத்தியரும் ஆசிரியரும் உரிய அனுமதியோடு, உரிய நிறுவனத்தின் ஊடாக வரட்டும்.

இரண்டாவது, சிறுவர் இல்லங்களைப் பார்வையிடுவதைப் பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கொடுக்க விரும்பினால், யதீமை வளர்க்கும் உறவினர் குடும்பத்துக்குக் கொடுங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுங்கள்.

மூன்றாவது, ஊர்க் கொத்தனாரும் வர்ணம் பூசுபவரும் செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அந்த நாட்கூலி ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கின்றது. உங்கள் மகன் தூரிகை பிடிக்க ஆசைப்பட்டால் அந்தத் தொழிலாளியின் கையாளாக நின்று கற்கட்டும். கூலி தொழிலாளிக்கே போகட்டும்.

நான்காவது, பிள்ளைகளுக்குத் தொண்டு எதையும் ஒதுக்காதீர்கள். அவர்களை விளையாட விடுங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடிக்கட்டும். தறியின் முன் உட்காரட்டும். தமிழில் பேசித் தடுமாறட்டும். ஊர்ப் பிள்ளைகள் சிரித்துத் திருத்தட்டும். எமது பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது கற்பிக்கக்கூடியவர்கள் என்பதை இரு தரப்பும் உணர வேண்டும். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஐந்தாவதாகச் சொல்லப்போவது வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டுமன்று, உள்ளூரில் இருப்பவர்களுக்கும்தான். மேலே நான் எழுதிய ஊர்ப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வருகின்றது. ஓர் ஊரின் கடைசி வேலிதான் அடுத்த ஊரின் முதல் வேலி. ஆயினும் கல்முனைக்குடியின் பிள்ளை பாண்டிருப்பின் பிள்ளையோடு ஒரு மாலைப்பொழுது விளையாடாமலே வளர்ந்து, தொழில் தேடித் தோஹாவுக்குப் போய்விடுகின்றது. போரும் வன்செயலும் பிரதேச செயலகத் தகராறும் இடையில் போட்ட வேலி அது. இரண்டு ஊர்களும் ஒரே தமிழைப் பேசுகின்றன. ஒரே மீனைத் தின்கின்றன. ஒரே அலையில் மாண்டன.

1958 இல் ஏ.ரீ. ஆரியரத்ன என்ற கொழும்பு ஆசிரியர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்ட கிராமமொன்றில் போய்த் தங்கிச் சிரமதானம் செய்தார். சர்வோதய இயக்கம் அப்படித்தான் பிறந்தது. நகரத்துப் பிள்ளைகள் அந்தக் கிராமத்துக்கு உபகாரம் செய்யப் போகவில்லை. கூட வாழப் போனார்கள். கிணறு வெட்டியதைவிட, அவ்வூர் மக்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டதுதான் அன்றைக்குப் புரட்சி. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டபோதும், படையினரோடு சேர்ந்து தண்ணீரில் தேடியவர்கள் ஊர் இளைஞர்கள்தாம். ஆபத்தில் கைகொடுக்கும் குணம் எம்மிடம் செத்துவிடவில்லை. ஆபத்தில்லாத நாளிலும் அது வேலியைத் தாண்ட வேண்டும்.

ஆகவே, "பிள்ளைகளோடு எங்கே போய்த் தொண்டு செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உம்மம்மாவின் வீட்டில் தங்குங்கள். பெருநாளோ விடுமுறையோ, ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போங்கள். சாய்ந்தமருதுக்காரர் காரைதீவுக்கும், பாண்டிருப்புக்காரர் மருதமுனைக்கும் போகட்டும். பரிசுப் பொதி வேண்டாம், கமரா வேண்டாம். அங்கே ஒரு வீட்டில் தேநீர் குடியுங்கள். பிள்ளைகளை முற்றத்தில் விடுங்கள். எந்தப் பயண நிறுவனமும் இதற்குக் கட்டணம் வாங்காது. எமது பிள்ளைகளுக்கு மிகத் தூரமான வெளிநாடு, அரைக் கட்டை தூரத்தில் இருக்கின்ற அந்த முற்றம்தான்.